கதையில் வராத வியர்வை

திருகோணமலைக் கரையோரத்து உழைப்பாளரை இலக்கியத்தில் குடியேற்றியவர்கள் நம்மிடம் உண்டு. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’யை மறந்து ஈழத்துச் சிறுகதை பற்றிப் பேச முடியாது. ஆனால் துறைமுகக் கரையில் மீன் விற்பவள், பிள்ளைப்பேறு முடிந்ததும் நம் கதாசிரியர்களின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறாள். மீண்டும் வந்தால், எரிந்து விழும் மாமியாராகவே வருகிறாள்.

ஏன் எரிந்து விழுகிறாள்? ‘கர்ப்பப்பை எடுத்தாயிற்று’ என்ற ஒரே சொற்றொடருக்குள் இருவேறு சிகிச்சைகள் மறைந்து கிடக்கின்றன. கருப்பை மட்டும் போனால் மாதவிலக்கு நிற்கும். சூலகங்கள் ஓமோனைச் சுரந்துகொண்டிருக்கும், சிலருக்கு அவை சற்று முன்னதாகவே ஓய்ந்துவிடுமெனினும். மாதவிலக்கு நிற்கும் வயதுக்கு முன்பே சூலகங்களும் போனாலோ, இயற்கை பல ஆண்டுகளில் குறைக்கும் ஈஸ்திரஜன் சில நாட்களிலேயே வீழ்ந்துவிடுகிறது. உடலெங்கும் அனல், நள்ளிரவில் வியர்வையில் நனைந்த சேலை, உறக்கமின்மை, காலப்போக்கில் எலும்புத் தேய்வு. இதைத்தான் வீடு ‘குணக்கேடு’ என்கிறது. கதையும் அப்படியே எழுதிவிடுகிறது! தக்கவர்களுக்கு ஈஸ்திரஜன் மருந்தாகவே உண்டு. ஆனால் தன்னிடமிருந்து எது அகற்றப்பட்டதென்றே அறியாதவள் அதை எப்படிக் கேட்பாள்?

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் அரசுக் குழுவொன்று விசாரித்த 82,000க்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களில் 13,000க்கும் அதிகமானோர் கருப்பையை இழந்திருந்தனர். ஒருநாள் ஓய்ந்தால் தண்டப்பணம் என்ற கூலிக்கணக்கு அங்கே உடலுக்குள்ளும் புகுந்தது. திருகோணமலையிலும் அதுதான் நிலை என்று நாம் சொல்லவரவில்லை. கூலிப் போராட்டத்தை எழுதும் கை, இதை மட்டும் ‘பெண்களின் அந்தரங்கம்’ என்று ஒதுக்குவது எவ்வகை யதார்த்தவாதம் என்றே கேட்கிறோம். அத்தகைய கதைகளைப் பாராட்டி எழுதியவர்களில் நாமும் உண்டு.