மார்பக நோய் அறிவுரை நூல்களில் தகுதி வழக்கு: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மார்பில் மாற்றம் கண்டு அஞ்சும் பெண்ணுக்கும், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்ணுக்கும் துணையாக அமையும் நோக்குடன் தமிழில் சிறு நூல்களும் துண்டறிக்கைகளும் ஒப்புதல் படிவங்களும் வெளியிடப்பட்டு வருகின்றன. இவற்றுள் பல ஆங்கில மூலத்தின் மொழிபெயர்ப்புகள் அல்லது தழுவல்கள். இவற்றில் காணும் மருத்துவச் செய்திகள் பொதுவாகச் சரியானவை. அச்செய்திகளைப் பெண்ணிடம் கொண்டு சேர்க்கும் மொழி எத்தகையது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். இங்குக் காட்டப்படும் தொடர்கள் இவ்வகை எழுத்தின் நடையை ஒட்டி அமைத்துக்கொள்ளப்பட்டவை. எந்தத் தனி நூலையும் சுட்டுவன அல்ல.

இவ்வாய்வின் தேவையை எண்களே உணர்த்தும். 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 6.7 லட்சம் பேர் அந்நோயால் இறந்தனர். அதே ஆண்டில் இந்தியாவில் புதிதாக நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம், இறந்தவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டினர். தொடக்க நிலையிலேயே கண்டறிந்தால் நன்கு குணப்படுத்தக்கூடிய இந்நோயில், இந்தியப் பெண்கள் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். வறுமை, தொலைவு, அச்சம் எனக் காரணங்கள் பல. அவற்றுள் மொழியும் ஒன்று என்பது போதிய அளவு கருதப்படவில்லை.

நன்னூல் வழக்கை இயல்பு, தகுதி எனப் பகுத்து, தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகக் கூறுகிறது. சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லுதல், மங்கலமற்றதை மங்கலமாகச் சொல்லுதல், ஒரு குழுவினர் தமக்குள் குறியாக வழங்குதல் என்பன அவை. மார்பக நோய் பற்றிய தமிழ் எழுத்தில் இம்மூன்றும் ஒருங்கே செயற்படுகின்றன. தகுதி வழக்கு கேட்போரின் உணர்வைப் பேணுவதற்கு உரியது. இவ்வெழுத்தில் அது சொல்வோரின் கூச்சத்தையும் வசதியையும் பேணுவதாக இடம் மாறியுள்ளது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

2. இடக்கரடக்கல்: உறுப்பின் பெயர்

தமிழில் இவ்வுறுப்புக்கு உரிய பழஞ்சொல் ‘முலை’. சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் அது கூச்சமின்றி வழங்கியது. இன்றைய எழுத்துத் தமிழ் அதனை விலக்கி ‘மார்பகம்’ என்பதை ஏற்றுள்ளது. மார்பு, அகம் என்னும் சொற்களாலான இத்தொடர் தன்னளவில் பால் வேறுபாடு காட்டாதது; பெண்ணுறுப்பைக் குறிக்கும் பொருள் வழக்கினால் அதில் நிலைபெற்றது. தெலுங்கில் ‘ரொம்மு’ என்னும் நாட்டுச்சொல்லே நோய்ப்பெயரிலும் நிற்கிறது. கன்னடமும் மலையாளமும் ‘ஸ்தனம்’ என்னும் வடசொல்லை ஆள்கின்றன. தமிழ், வடசொல்லையும் பழஞ்சொல்லையும் விடுத்து மூன்றாவது வழியை மேற்கொண்டது.

‘மார்பகம்’ என்னும் சொல்லைக் கைவிட வேண்டும் என்பதற்கில்லை. அது இன்று நிலைபெற்ற சொல். ஆயினும் பேச்சில் பெண்கள் பெரும்பாலும் ‘மார்பு’ என்றே கூறுகின்றனர். ‘மார்பு வலி’ என்றவுடன் கேட்போர் நினைப்பது இதய நோயை. ஆகவே ‘மார்பில் ஏற்படும் மாற்றங்கள்’ என்று மட்டும் எழுதும் நூல், எதைப் பற்றிப் பேசுகிறது என்பதையே ஐயத்துக்கு இடமாக்குகிறது. ‘பால் சுரக்கும் மார்பு’ என ஒருமுறை விளக்கிவிட்டால் பின்னர் எச்சொல்லும் தடையாகாது. ‘முலை’யை விலக்கும் நூல்களே ‘முலைக்காம்பு’ என்பதை விலக்குவதில்லை. காம்பு உள்வாங்குதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகிய அறிகுறிகளைச் சொல்ல வேறு தெளிவான சொல் இல்லாமையே காரணம். தேவை வரும்போது கூச்சம் விலகும் என்பதற்கு இதுவே சான்று.

உறுப்புப் பெயரைவிட முதன்மையானவை அறிகுறிப் பெயர்கள். ‘கட்டி’ என்பது அவற்றுள் தலையாயது. தமிழ் வழக்கில் கட்டி என்பது சீழ்க்கட்டியையும் குறிக்கும். அது வலிக்கும், பழுக்கும், உடையும். பாலூட்டும் தாய்க்குப் ‘பால் கட்டிக்கொள்வது’ம் வலியுடையது. இவ்வழக்கில் பழகியவர் வலியில்லாத கட்டியைப் பொருட்படுத்தாமல் விடுவது இயல்பு. “வலி ஒண்ணும் இல்லையே அக்கா, இதுக்குப் போயி எதுக்கு ஆஸ்பத்திரி?” என்னும் கேள்வியில் அறியாமையைக் காட்டிலும் சொற்பொருளே மிகுதி. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. எனவே ‘மார்பகத்தில் கட்டி’ என்னும் மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் சரியாயினும் பயனளவில் குறையுடையது. ‘வலித்தாலும் வலிக்காவிட்டாலும், கைக்குத் தட்டுப்படும் கட்டி’ என விரித்தாலன்றிச் செய்தி முழுமை பெறாது.

இதற்கு மறுதலையாக, மக்கள் வழக்கில் ஆயத்தமாக உள்ள சொல்லை நூல்கள் விடுத்துவிடுவதும் உண்டு. ‘அக்குள் நிணநீர்க் கணுக்களின் வீக்கம்’ என்பது நூல் நடை. ‘கக்கத்தில் நெறி கட்டியிருக்கிறது’ என்பது வீட்டு வழக்கு. பின்னதைக் கேட்டவுடன் கை தானே அவ்விடத்துக்குச் செல்லும். எனினும் காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், புண் ஆறினால் அது வற்றும் என்னும் நினைவும் அச்சொல்லுடன் வருகிறது. ஆகவே ‘கையில் புண் ஏதும் இல்லாமல் கக்கத்தில் நெறி கட்டினால்’ என எல்லை வகுத்து ஆள வேண்டும். நாட்டுச்சொல்லைக் கையாள்வது எளிமைப்படுத்தல் மட்டுமன்று. அது சுமந்துவரும் கருத்தையும் கணக்கில் கொள்ளும் பணியாகும்.

3. மங்கலம்: நோயின் பெயர்

நோயின் பெயரைச் சொல்லாமல் விடுவது நம் குடும்பங்களில் பரிவின் அடையாளமாகக் கருதப்படுகிறது. மகனிடமோ கணவரிடமோ உண்மையைச் சொல்லி, நோயுற்றவரிடம் ‘சின்னக் கட்டிதான் அம்மா, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று கூறும் வழக்கத்தை அறியாதார் இலர். இது மங்கல வழக்கு. இதன் பின்னுள்ள அன்பு ஐயத்துக்குரியதன்று, விளைவு வேறு.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பலருக்கு அறுவையுடன் முடிவதில்லை. மருந்தேற்றும் சிகிச்சையும் கதிர்வீச்சும் தொடரக்கூடும். ஹார்மோன் சார்ந்த வகையாயின் மாத்திரைகளை 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ உட்கொள்ள வேண்டியிருக்கும். ‘கட்டி’ என்று மட்டும் அறிந்தவருக்குக் கட்டியை எடுத்ததுடன் நோய் முடிந்தது. அதன் பின்னர் வாந்தியும் முடி உதிர்வும் தரும் மருந்தை ஏன் ஏற்க வேண்டும்? நோயே இல்லாத உடம்புக்கு 5 ஆண்டு மாத்திரை எதற்கு? பெயரை மறைத்த சொல்லாட்சி, சிகிச்சை முழுவதையும் காரணமற்றதாக்கிவிடுகிறது. இடையில் நிறுத்துபவரை ஒத்துழைக்காதவர் எனக் குறை கூறுவது முறையாகாது. அவர் தமக்குச் சொல்லப்பட்டதற்கு ஏற்பவே நடந்துகொள்கிறார்.

இதன் மறுபக்கமும் உண்டு. கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பது பெண்ணுக்கு உண்மையிலேயே ஆறுதல் தரும் செய்தி. நூல்கள் இதனைத் ‘தீங்கற்ற கட்டி’, ‘தீங்கான கட்டி’ எனப் பாகுபடுத்திக் கடந்துவிடுகின்றன. ‘புற்றல்லாத கட்டி’, ‘புற்றுக்கட்டி’ என்றால் வேறுபாடு வெளிப்படையாகும். ‘புற்று’ என்னும் சொல், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிளைத்துப் பரவுவதை உணர்த்தும் உவமைப் பெயர். சித்த மருத்துவத்திலும் நோய்ப்பெயராக வழங்குவது. கட்டியை எடுத்த பின்னரும் சிகிச்சை ஏன் தேவை என்பதை விளக்க அவ்வுவமையே கருவியாகும். அதனைப் பயன்படுத்தாமல் அஞ்சி ஒதுக்குவது தமிழ் தரும் வசதியை இழப்பதாகும்.

4. குழூஉக்குறி: மருத்துவர் மொழி

குழுவினர் தமக்குள் வழங்கும் குறி குழுவுக்கு வெளியே வரும்போது பொருள் மாறும். மூன்று சொற்களால் இதனைக் காணலாம்.

முதலாவது ‘பாசிட்டிவ்’. ஆய்வறிக்கையில் ‘ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ்’ என்பது, அப்புற்று ஹார்மோன் எதிர்ப்பு மாத்திரைக்குக் கட்டுப்படும் வாய்ப்புடையது என்பதைக் குறிக்கும். 2020இல் பரவிய கொரோனாவுக்குப் பின் ‘பாசிட்டிவ்’ என்றால் ‘தொற்று இருக்கிறது’ என்பதே பொதுவழக்கு. எனவே நம்பிக்கை தரும் செய்தி அதிர்ச்சியாகச் சென்று சேர்கிறது. ‘நேர்மறை’ என்று மொழிபெயர்த்தால் அது மனப்பாங்கைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. ‘ஹார்மோன் மாத்திரை பயன்படக்கூடிய வகை’ என விளைவைச் சொல்வதே தெளிவு.

இரண்டாவது ‘கதிரியக்கச் சிகிச்சை’. கதிரியக்கம் என்பது சில தனிமங்கள் தாமே கதிரை வெளியிடும் தன்மை. கதிர்வீச்சு என்பது வேறு. மார்பகப் புற்றுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து பொறியின் வழியாகவே கதிர் செலுத்தப்படுகிறது. அதனால் பெண்ணின் உடல் கதிரியக்கம் உடையதாவதில்லை. பிழையான சொல் குழந்தையைத் தூக்கலாமா, ஒரே அறையில் உறங்கலாமா என்னும் அச்சங்களுக்கு வித்திடும். ‘கதிர்வீச்சுச் சிகிச்சை’ என்னும் சொல்லும், ‘வீட்டில் யாரையும் தொடலாம்’ என்னும் ஒரு தொடரும் அவ்வச்சத்தைப் போக்கும்.

மூன்றாவது ‘சுய பரிசோதனை’. கருத்து மாறியும் சொல் மாறாமைக்கு இது எடுத்துக்காட்டு. சீனாவின் ஷாங்காய் நகரில் 2,66,000 பெண் நெசவாலைத் தொழிலாளர்களிடையே நடைபெற்ற ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. முறையாகச் சுய பரிசோதனை கற்பித்ததால் இறப்பு குறையவில்லை. புற்றல்லாத கட்டிகளுக்கான திசு ஆய்வுகளே மிகுந்தன. அதன்பின் பல நாடுகளின் அறிவுரை, மாதந்தோறும் செய்யும் சடங்குபோன்ற பரிசோதனையிலிருந்து, தன் மார்பின் இயல்பை அறிந்து மாற்றத்தை உடனே தெரிவித்தலுக்கு மாறியது. தமிழில் இப்புதிய கருத்தை ‘மார்பக விழிப்புணர்வு’ எனப் பெயர்த்தனர். ‘விழிப்புணர்வு’ என்பதோ ஊர்வலத்தையும் முகாமையும் நினைவூட்டும் சொல். தன் உடலைத் தான் அறிதல் என்னும் பொருள் அதில் தோன்றுவதில்லை. ‘தன் மார்பை அறிந்திருத்தல்’ என்பது கருத்துக்கு நெருங்கியது.

இதனுடன் மும்பையில் 1.5 லட்சம் பெண்களிடையே 20 ஆண்டுகள் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்வையும் கருதுதல் தகும். பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் தொட்டுச் செய்த பரிசோதனையால் நோய் முன்னரே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் இறப்பும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ‘பரிசோதனை’ என்னும் ஒரே சொல்லால் தானே செய்வது, பணியாளர் செய்வது, படமெடுப்பது, ஊசியால் திசு எடுப்பது ஆகிய நான்கையும் சுட்டும் நூல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

5. தொடரமைப்பு: பழியும் தெரிவும்

சொற்கள் திருந்தினாலும் தொடர் திருந்தாவிடில் பயன் குறைவு. ‘தாய்ப்பால் கொடுக்காமை, காலந்தாழ்ந்த மகப்பேறு, உடல் பருமன் ஆகிய காரணிகளால் மார்பகப் புற்றுநோய் ஏற்படுகிறது’ என்னும் தொடரைக் கருதலாம். மூலத்தில் இருப்பது வாய்ப்பைக் கூட்டும் கூறு. தமிழில் ‘காரணி’யும் மூன்றாம் வேற்றுமையும் சேர்ந்து அதனைக் காரணமாக்கிவிட்டன. இதைப் படிக்கும் பெண் தன் வாழ்வைப் பின்னோக்கித் தன்மேல் பழி தேடுவாள். படிக்கும் மாமியாரும் அவ்வாறே தேடக்கூடும். நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் பெண்ணாய் இருத்தலும் வயதும் தவிர வேறு குறிப்பிட்ட கூறு எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. ‘இவை வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன; இவை எதுவும் இல்லாதவருக்கும் நோய் வரலாம்’ என்பதே உண்மைக்கும் பரிவுக்கும் பொருந்தும் தொடர்.

ஒப்புதல் படிவங்களில் செயப்பாட்டு வினை ஆட்சி செய்கிறது. ‘நோயாளிக்கு மார்பக அகற்று அறுவை மேற்கொள்ளப்படும்; பக்க விளைவுகள் ஏற்படலாம்’ என்பதில் செய்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. தொடக்க நிலை நோயில் பலருக்கு மார்பு முழுவதையும் எடுப்பதும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு அளிப்பதும் உயிர்காப்பில் ஒத்த பயன் தருவன என்பதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் உறுதிப்படுத்தின. தெரிவு செய்யும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பது இதன் பொருள். ‘மேற்கொள்ளப்படும்’ என்னும் வினைமுற்று அவ்வுரிமைக்கு இடந்தருவதில்லை. ‘உங்கள் இடது மார்பு முழுவதையும் மருத்துவர் எடுப்பார். கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று நீங்கள் அவரிடம் கேட்கலாம். கக்கத்து நெறிகளை எடுத்தால் அந்தப் பக்கத்துக் கை பின்னாளில் வீங்கக்கூடும்’ எனச் செய்வினையும் முன்னிலையும் வரும்போது படிவம் உரையாடலாகிறது.

ஊக்க மொழியும் ஆய்வுக்குரியதே. ‘தைரியமாக இருங்கள்’, ‘போராடி வெல்லுங்கள்’ என்னும் ஏவல்கள் நல்லெண்ணத்தில் பிறந்தவை. ஆயினும் வென்றோர் உளரெனின் தோற்றோரும் உளர். நோய் திரும்பியவள் தன் துணிவின்மையே காரணம் என எண்ண இடமாகும். ‘மருந்தேற்றும் நாட்களில் முடி உதிரும், சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் திரும்ப வளரும்’ என்னும் செய்தி, பல ஏவல்களைவிட மிகுந்த துணையாகும்.

6. முடிவுரை

பெண்கள் அமைப்பொன்றின் வழியாக முத்துலட்சுமி ரெட்டி மேற்கொண்ட முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அதன்பின் 70 ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப் பெண்கள் இந்நோயைப் பற்றிப் பேசியும் கேட்டும் வருகின்றனர். கலைச்சொற்கள் பெருகியுள்ளன, அவற்றின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் கலைச்சொல் மருத்துவர்களிடையே துல்லியம் காக்கப் பிறந்தது. அறிவுரை நூலில் அது வீட்டுச்சொல்லின் துணையுடனேயே வர வேண்டும். இடக்கரடக்கல் அறிகுறியை மறைக்காத அளவிலும், மங்கலம் சிகிச்சையின் காரணத்தை மறைக்காத அளவிலும், குழூஉக்குறி விளக்கத்துடனும் நிற்குமாயின் அவை தகுதி வழக்கு என்னும் பெயருக்கு உரியன.

மொழிபெயர்ப்பாளர் இதனைச் சோதித்தறிய எளிய வழி உண்டு. மொழிபெயர்ப்பை மூலத்துடன் ஒப்பிடுவதோடு அமையாமல், அதனைப் படித்த ஒரு பெண்ணிடம், “நாளைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்க வேண்டும். வலியில்லாத கட்டிக்கும் மருத்துவரிடம் செல்வேன், அறுவைக்குப் பின்னும் மாத்திரை உட்கொள்வேன், இது என் குற்றமன்று என்னும் மூன்றையும் அவர் தம் சொந்தச் சொற்களில் கூறுவாராயின் அம்மொழிபெயர்ப்பு தேறியது. கூற இயலாவிடின், மூலத்துக்கு எத்துணை நெருங்கியதாயினும் அதனை மீண்டும் எழுதுதல் வேண்டும்.