உணரப்படும் பாகுபாடும் நிலவும் பாகுபாடும்

இனப் பாகுபாட்டை எண்களால் அளக்கமுடியுமா என்னும் வினா தமிழாய்வுக்குப் புறம்பானதன்று. 1983 ஜூலை இனவன்செயல்களின் பின்னர் வல்வெட்டித்துறை முதலாய வடபகுதி ஊர்களிலிருந்து மேற்கு ஜேர்மனிக்குப் புலம்பெயர்ந்தோரின் வாழ்நிலை அவ்வினாவோடு பிணைந்துள்ளது.

எலிசபெத் பிரொன்டோலோவும் அவர்தம் குழுவினரும் 2005இல் வெளியிட்ட, 17 வினாக்களைக் கொண்ட சுருக்க வினாக்கொத்து இத்துறையில் நன்கறியப்பட்டது. ஒதுக்கப்படல், இழிவுபடுத்தப்படல், தொழிலிலும் கல்வியிலும் பாகுபடுத்தப்படல், அச்சுறுத்தப்படல் என்பன இனத்துவங் காரணமாக எத்துணை முறை நேர்ந்தன என அது வினவுகிறது. ஜேர்மன் மொழி பேசும் குடிவரவாளரிடமும் மாணவரிடமும் இத்தகைய வினாக்கொத்துகள் பயன்படுத்தப்படுகின்றன. பாதிக்கப்பட்டோரின் கூற்றைச் சான்றாக ஏற்கும் இம்முறையின் பயனை நாம் மறுக்கவில்லை.

ஆயின், உணர்வு வர்க்க நிலையினின்றும் தனித்து நிற்பதன்று. சமத்துவம் தன் உரிமையெனக் கற்ற மாணவன் சிறு புறக்கணிப்பையும் இனங்கண்டு கொள்வான். உணவகச் சமையலறையிற் பாத்திரங் கழுவும் அகதித் தொழிலாளியோ அதனைத் தொழிலின் இயல்பெனக் கொள்ளக்கூடும். கல்வியிற் கூடிய குடிவரவாளர் கூடுதலான பாகுபாட்டைத் தெரிவிப்பதை ஆய்வாளர் 'ஒருங்கிணைவு முரண்' என்பர். வர்க்க நோக்கில் அதில் முரண் எதுவுமில்லை. தொழிலாளியின் மதிப்பெண் குறைவாயிருத்தல் அவன் குறைவாக ஒடுக்கப்பட்டான் என்பதற்குச் சான்றாகாது.

மேலும், பாகுபாடு எப்போதும் ஒரு மனிதரின் முகத்தோடு வருவதில்லை. 1982ஆம் ஆண்டின் மேற்கு ஜேர்மன் புகலிட நடைமுறைச் சட்டம், புகலிடங் கோரியோர் தமக்கென வகுக்கப்பட்ட மாவட்ட எல்லையை அனுமதியின்றிக் கடப்பதைத் தடைசெய்தது. 2015இன் பின்னரே அக்கட்டுப்பாடு பெருமளவு தளர்ந்தது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவை அடைந்தது. அத்தகைய கடலோடிகளின் வழிவந்தோரும் ஜேர்மனியில் அயல் மாவட்டத்துக்குச் செல்ல அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது. யாரும் அவமதித்தனரா என்னும் வினா இதனைத் தொடாது.

நிலவும் பாகுபாட்டை நேரடியாகவே அளக்கவும் இயலும். 1971இல் இலங்கைப் பல்கலைக்கழக மருத்துவ அனுமதிக்குச் சிங்களமொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ்மொழிமூல மாணவருக்கு 250 வேண்டப்பட்டன. இவ்விடைவெளியை அறிய எவருடைய உணர்வையும் வினவவேண்டியதில்லை.

ஆகவே உணர்வின் அளவைச் சட்டம், கூலி, அனுமதி என்பவற்றின் அளவோடு ஒப்புநோக்கியே வாசித்தல் வேண்டும். இவற்றிடையேயான தொடர்பினைப் புலம்பெயர் எழுத்து வெளிப்படுத்த வல்லது. 1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு அவ்வெழுத்துக்குக் களமமைத்தது. வினாக்களை வகுப்போர் அவ்வெழுத்தைக் கற்பாராயின், தொழிலாளி சொல்லாது விட்டதையும் கேட்கும் வினாக்கள் பிறக்கும்.