முடிச்சின் லட்சணம்

கம்பிக் கற்றையைக் கட்டிப் பிணைப்பதற்கு எத்தனையோ உபாயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பக்தர்களும் இருக்கிறார்கள். ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் ஆஷ்காஷ் விமானத் திருவிழா மைதானத்தில் வரிசை வரிசையாக நிற்கும் சொந்தத் தயாரிப்பு விமானங்களுக்கு நடுவே நடந்து, உடையவரிடம் அனுமதி பெற்றுப் பேனலுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தால், பிளாஸ்டிக் டைகள், சுருள் உறைகள், வெப்பத்தில் சுருங்கும் குழாய்கள், ரப்பர் மெத்தையிட்ட அடெல் கிளாம்ப்புகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரிசிக்கலாம். அடெல் கிளாம்ப் இல்லாமல் ஒரு விமானமும் பறக்கப்போவதில்லை. அதைப் பற்றி விவாதமே கிடையாது. ஆனால் ஒரு கிளாம்ப்புக்கும் அடுத்த கிளாம்ப்புக்கும் இடைப்பட்ட தூரத்தில் கற்றையை எப்படி ஒழுங்காக நிறுத்துவது என்ற கேள்விக்கு என் மனம் ஏற்கும் விடை ஒன்றே ஒன்றுதான்: மெழுகேறிய தட்டை நாடாவில் குளோவ் ஹிட்ச் போட்டு, அதன் தலைமேல் ரீஃப் முடிச்சால் பூட்டிய தனிக்கட்டு.

இந்தக் கட்டின் சௌந்தரியம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தச் சாய்ந்த பட்டையில் இருக்கிறது என்பேன். நாடா கற்றையை ஒருமுறை சுற்றி வந்து, தன் மேலேயே சாய்வாக ஏறிக் கடந்து, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சாய்வுக்கு அடியிலேயே புகுந்து வெளிவரும்போது, இரண்டு இணை வளையங்களும் அவற்றின்மேல் குறுக்காகப் படுத்த ஒரு பட்டையும் உண்டாகின்றன. இரு நுனிகளையும் எதிரெதிராக இழுக்க இழுக்க, அந்தப் பட்டை தனக்குக் கீழே இருப்பவற்றை மேலும் மேலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே, மேல் முடிச்சு விழுவதற்கு முன்பே கட்டு நின்றுவிடுகிறது. ரீஃப் முடிச்சு வெறும் காவல்காரன். அமெரிக்க விமானத்துறை 1998-ல் வெளியிட்ட 43.13-1பி கைநூல், அந்த ரீஃப் முடிச்சில் ஓர் அதிகப்படி வளையமும் இருக்கவேண்டும் என்று சொல்வது எவ்வளவு அனுபவத்திலிருந்து பிறந்த வாக்கு என்பது, முதல் பாதியைப் போட்டுவிட்டு இரண்டாம் பாதிக்கு விரலை மாற்றும் அந்த ஒரு க்ஷணத்தில் நாடா தளர்வதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நாடா தட்டையாக இருப்பதும் மெழுகேறி இருப்பதும் தற்செயலான விஷயங்கள் அல்ல. உருண்டைக் கயிறு கம்பியின் உறையைக் கோடாக அறுத்து உட்காரும். தட்டை நாடாவோ தன் அகலம் முழுவதையும் கொடுத்துப் படுத்துக்கொள்ளும். மெழுகு, பின்னலின் இழைகளை ஒன்றாகச் சேர்த்து, போட்ட இடத்தில் போட்டபடி நிற்கும் குணத்தை நாடாவுக்குக் கொடுக்கிறது. நைலான் நாடா சாதாரண இடங்களுக்கு. உஷ்ணம் கடுமையான இடத்துக்கு நோமெக்ஸ். இவ்வளவு தெரிந்தபிறகு எஞ்சியிருப்பது கையின் காரியம். முடிச்சுகள் எல்லாம் கற்றையின் ஒரே பக்கத்தில், ஒரே கோட்டில், பார்ப்பவர் கண்ணுக்கு எதிரே நிற்கவேண்டும். நுனிகள் கால் அங்குலம் விட்டுச் சமமாக வெட்டப்படவேண்டும். ஒரு கிளை பிரிகிற இடத்தில் பிரிவுக்கு முன்னும் பின்னும் கிளையின் அடியிலும் கட்டு விழவேண்டும். இந்த மூன்றையும் சரியாகச் செய்த கற்றையைப் பார்க்கும்போது, எந்தக் கம்பி எங்கே விடைபெற்றுக்கொண்டு எந்தக் கருவியை நோக்கிப் போகிறது என்பதைப் படம் இல்லாமலே படித்துவிடலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது இறுக்கத்தின் அளவு. டெஃப்லான் உறைக்கு ஒரு குணம் உண்டு: விடாத அழுத்தத்துக்கு உட்பட்டால், சூடு இல்லாமலே அது மெதுவாக ஒதுங்கி வழிவிடும்; இன்று இறுகக் கட்டியதன் பலனைச் சில வருஷங்கள் கழித்து உள்ளே இருக்கும் செம்பு வெளியே தெரியும்போது காணலாம். ரேடியோவுக்குப் போகும் கோஆக்ஸியல் கேபிளின் சங்கதி இன்னும் நாசூக்கானது; அதன் 50 ஓம் மின்மறிப்பு என்பது நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது, ஆதலால் அதை நசுக்கினவன் கம்பியை அறுக்காமலே ரேடியோவைக் கெடுத்தவன் ஆகிறான். நல்ல கட்டு கம்பிகளை நெரிப்பதில்லை. அவை ஒன்றோடொன்று சேர்ந்து படுத்திருக்கும்படி சொல்லிவிட்டு நிற்கிறது. முடிந்த கட்டை விரல்களால் பிடித்துக் கற்றையின் நீளவாக்கில் தள்ளிப் பார்த்தால் அது நகரக்கூடாது. ஆனால் அவிழ்த்துப் பார்த்தால் உறையில் தடமும் இருக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சிறிய இடத்தில்தான் இந்தக் கலை முழுவதும் வசிக்கிறது.

இங்கே தொடர்கட்டின் ரசிகர்கள் குறுக்கிடுவார்கள். ஒரே நாடாவை அறுக்காமல், சம தூரத்தில் பூட்டுத் தையல் போட்டுக்கொண்டே போகும் அந்த வேலை கண்ணுக்கு எவ்வளவு இதமானது என்பதை நான் மறுக்கவில்லை. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் மெழுகு தோய்ந்த லினன் நூலால் ஆயிரக்கணக்கான கம்பிகளை அப்படிக் கட்டி வைத்தவர்கள் மகா சிற்பிகள். சிகாகோ தையல், கான்ஸாஸ் சிட்டி தையல் என்று ஊர்ப் பெயர்களால் வழங்கும் சம்பிரதாயங்களே அங்கே வளர்ந்தன. ஆயினும் எக்ஸ்சேஞ்சு நகர்வதில்லை, அதிர்வதில்லை. விமானத்தில் ஒரே நாடாவாக ஓடுகிற கட்டில் ஓர் இடம் உராய்ந்து அறுந்தால், அக்கம்பக்கத்துத் தையல்களும் நெகிழத் தொடங்கும்; தனிக்கட்டில் ஒன்று போனால் அந்த ஒன்றோடு போயிற்று. மூடிய பெட்டிக்குள் தொடர்கட்டு, திறந்த இடத்தில் தனிக்கட்டு என்று பாகம் பிரித்துக்கொள்வதே நியாயம் என்பது என் பக்ஷம்.

அந்த எக்ஸ்சேஞ்சு மரபில் தேர்ந்த ஒரு முதியவரை விஸ்கான்ஸினில் ஒரு சிறு விமான நிலையத்துக் கொட்டகையில் பார்த்திருக்கிறேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அக்கம்பக்கத்தில் ஆர்வி-6, லாங்-ஈஸி என்று சொந்த விமானங்கள் செய்துகொண்டிருந்தவர்களுக்கு அவர்தான் கம்பி விஷயத்தில் குரு. ஒரு பிளைவுட் பலகையில் பேனலின் வடிவத்தை வரைந்து, திருப்பங்களில் ஆணி அடித்து, கம்பிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் ஓட்டுவார். நெடுந்தூரம் போகிறவை நடுவிலும், சீக்கிரம் பிரிகிறவை வெளிப்புறத்திலும் வரவேண்டும் என்பதில் அவருக்கு அபாரமான பிடிவாதம். ஒரு கம்பி மற்றொன்றின்மேல் குறுக்கே ஏறியிருந்தால், அதுவரை வைத்தவற்றையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவார். அவர் முடிச்சுப் போடும்போது கட்டைவிரல் எப்போதும் சாய்ந்த பட்டையின்மேல் நிற்கும். அது படிவதை விரலாலேயே அறிந்து, அதற்குமேல் ஒரு இழைகூட இழுக்கமாட்டார். பின்னாட்களில் எத்தனையோ திறமைசாலிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நிறுத்தத்தை வேறு கையில் பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் டையைப் பற்றிச் சொல்லும்போது நீதி தவறக்கூடாது. அது விமானத் தொழிற்சாலையிலேயே கருக்கொண்ட வஸ்து. 1956-ல் போயிங் தொழிற்சாலையில், மெழுகுக் கயிற்றை இழுத்து இழுத்துத் தொழிலாளிகளின் விரல்கள் புண்பட்டிருந்ததைக் கண்ட தாமஸ் அண்ட் பெட்ஸ் கம்பெனியின் மாரஸ் லோகன், 1958-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நாளெல்லாம் பிறருக்காகக் கட்டுகிற கைகளுக்கு அது செய்த உபகாரம் பெரிது. ஆனால் தனக்காக ஒரே ஒரு விமானத்தைப் பல வருஷங்கள் ஆற அமரச் செய்கிறவருக்கு அந்த அவசரம் எங்கிருந்து வந்தது? வெட்டிய டையின் நுனி சவரக் கத்தியாக நிற்கிறது. பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையை மேலே விடுகிறவரின் முன்னங்கையில் அதன் கையெழுத்தைப் பார்க்கலாம். எஞ்சின் அறையின் உஷ்ணத்தில் ஈரம் வற்றிய நைலான் நொறுங்கும். எஞ்சினைத் தாங்கும் எஃகுக் குழாயிலேயே டையைச் சுற்றி இறுக்குகிற வழக்கமோ பெரிய அபாயம். நிமிஷத்துக்கு 2,700 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் லைகமிங் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் 3,24,000 தடவை வெடித்து உதைக்கிறது; டைக்கு அடியில் புழுதி புகுந்து பதிந்துவிட்டால், அத்தனை உதைப்புக்கும் அது குழாயை அரம்போல் தேய்க்கும். அதிர்வு மிகுந்த இடங்களில் டை கூடாது என்று அந்தக் கைநூலும் விலக்கி வைக்கிறது.

ஆனால் பொருளின் குறைகள் எனக்கு இரண்டாம்பட்சம், பொருளைத் திருத்திவிடலாம். டையின் உண்மையான தோஷம் அதன் வேகம். அது ஒரு நொடியில் விழுந்துவிடுவதால், போடுகிறவர் அந்த இடத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. நாடாவில் ஒரு முடிச்சுப் போட ஒரு நிமிஷமாவது ஆகிறது. அந்த ஒரு நிமிஷத்துக்குக் கண் அந்தக் கம்பிகளின்மேல் தங்கியிருக்கிறது. பக்கத்தில் ஓடும் பெட்ரோல் குழாய்க்குப் போதுமான தூரம் இருக்கிறதா, ஸ்டிக்கை முழுதும் வலப்புறம் சாய்த்தால் இந்தக் கற்றையில் இடிக்குமா, கிளாம்ப்புகளுக்கு நடுவே கையால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குமேல் தொய்கிறதா என்ற கேள்விகளெல்லாம் அந்த நிமிஷத்தில்தான் எழுகின்றன. ஒவ்வொரு முடிச்சும் ஒரு தீர்மானம். டை பெரும்பாலும் ஒரு தீர்மானத்தை ஒத்திப்போட்டதன் அடையாளம்.

இக்காலத்து வேலையில் நான் காணும் சரிவும் அதைப் பற்றியதே. பேனலில் திரைகள் பெருகிவிட்டன. அதற்கேற்றாற்போல் கம்பிகளும் பெருகிவிட்டன. தயாராகக் கட்டி விற்கும் கற்றையை வாங்கி, மிச்சமிருக்கும் நீளத்தைப் பேனலுக்குப் பின்னால் சுருட்டி, ஒரு கைப்பிடி டைகளால் இறுக்கிவிட்டு, முன்புறத்தைப் புகைப்படம் எடுக்கிறார்கள். வெளிப்புறத்தில் ஒவ்வொரு ரிவெட்டையும் கண்ணாடி வைத்துப் பார்த்த அதே மனிதர் உள்ளே இப்படிச் செய்வதுதான் மனத்தைச் சங்கடப்படுத்துகிறது. தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது, நாடா பழங்காலத்துச் சமாசாரம் என்று ஒருவர் சொன்னால், 2012-ல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் படங்களைப் பார்க்கச் சொல்வேன்; அங்கேயும் கற்றைகளை நிறுத்தியிருப்பது நாடாவும் முடிச்சும்தான்.

பின்னால் ஒரு கம்பி சேர்க்கவேண்டி வந்தால் என்ன செய்வது என்பது எதிர்க்கட்சியின் கடைசி அஸ்திரம். அதற்கும் தனிக்கட்டே விடை: மழுங்கிய முனைக் கத்தரியால் ஒரு கட்டை வெட்டி, புதிய கம்பியை வைத்து, அங்கேயே மறுகட்டுப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டியது. வேலை நடக்கும் காலத்தில் கம்பிகளைத் தற்காலிகமாக நிறுத்த டையைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். முதல் பறப்புக்கு முன் அவையெல்லாம் வெளியே வந்துவிடட்டும். அமெரிக்காவில், தானே செய்த விமானத்தின் வருஷாந்தரப் பரிசோதனையைத் தானே செய்யும் உரிமையைக் கட்டியவர் பெறலாம். அப்படிப் பெற்றவர் வருஷந்தோறும் பார்க்கப்போவது தம்முடைய முடிச்சுகளைத்தான். அவற்றை எதற்காக எங்கே போட்டோம் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். நகர்ந்த ஒன்று உடனே கண்ணில் படும்.

ஆகையால், முதல் விமானத்தைத் தொடங்குகிறவர்கள் கருவிகளின் பட்டியலோடு 500 கெஜ மெழுகு நாடாச் சுருள் ஒன்றையும் வாங்கிக்கொள்ளட்டும். ஒரு சிறு விமானத்துக்கு அது தேவைக்கு மேலேயே வரும். மிச்சத்தை அடுத்த கொட்டகைக்காரருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது அரை மணி நேரம் கூட உட்கார்ந்து, கட்டைவிரலை எங்கே வைக்கவேண்டும், எந்த இடத்தில் இழுப்பதை நிறுத்தவேண்டும் என்பதையும் காட்டிக் கொடுக்கவேண்டும்.