தங்கவயல் படங்கள்: கறுப்பு-வெள்ளையா, கலரா?

கோலார் தங்கவயலைப் படம் பிடிக்க வருகிறவர்கள் இப்போது பலர். விடுமுறை நாளில் பெங்களூரிலிருந்து ரயிலேறி மாரிக்குப்பத்தில் இறங்குகிறார்கள். மூடிக் கிடக்கும் ஷாஃப்ட், சயனைடு மேடு, லைன் வீடுகள் என்று சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்புகிறார்கள். இவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படங்களில் பல, பிறகு கறுப்பு-வெள்ளையாக மாறிவிடுகின்றன. ஏன் என்று கேட்டால், “பழைய ஊர் இல்லையா, அதுதான் ஃபீலிங்” என்கிறார்கள். இந்தப் பதில் சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் முன்னோருக்குத் தேர்வு இருந்ததா?

முதலில் ஒரு வரலாற்று உண்மையைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் தாத்தா பாட்டி காலத்துப் படங்கள் கறுப்பு-வெள்ளையாக இருப்பது அவர்கள் விரும்பித் தேர்ந்ததால் அல்ல. கோடக் நிறுவனம் கோடக்ரோம் என்ற கலர்ச் சுருளை 1935-இலேயே வெளியிட்டுவிட்டது. ஆனாலும் நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் கைக்குக் கலர் பரவலாக வந்து சேர்ந்தது 1980-களில்தான். அதுவரை வீட்டில் கேமரா இருந்தால் அது பெரும்பாலும் அக்ஃபா கிளிக் த்ரீ போன்ற எளிய பெட்டி. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். உதகையில் 1960-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் தந்த சுருளும் கறுப்பு-வெள்ளையே.

அந்தப் பெரியவர்கள் கலரை விரும்பவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். ஸ்டூடியோவில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்து, அதன்மேல் தூரிகையால் கன்னத்துக்குச் சிவப்பும் சேலைக் கரைக்குப் பச்சையும் நகைக்கு மஞ்சளும் பூசிக் கொடுக்கும் வழக்கம் நாடெங்கும் இருந்தது. காசு கொடுத்து வண்ணம் தீட்டிக்கொண்டவர்களின் படத்தைப் பார்த்து, “அந்தக் காலம் கறுப்பு-வெள்ளை” என்று நாம் சொல்வது எப்படிப் பொருந்தும்? அவர்கள் வாழ்ந்ததும் கலரில்தானே!

கறுப்பு-வெள்ளை உண்மை பேசுமா?

கறுப்பு-வெள்ளை ஒன்றுதான் நேர்மையானது, கலர் வெறும் மினுக்கு என்று வாதிடுவோரும் உண்டு. இதையும் அப்படியே ஏற்க இயலாது. தொடக்ககால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பையும் மஞ்சளையும் அவை கறுப்பாகவே காட்டின. பழைய ஆல்பங்களில் பாட்டியின் குங்குமம் கரிப்பொட்டுப் போல் தெரிவதும், மாநிறத்தவர் அட்டைக்கரியாகத் தெரிவதும் பல நேரம் இதனால்தான். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாக உணரும் தகடுகள் இருபதாம் நூற்றாண்டில்தான் பழக்கத்துக்கு வந்தன.

வானத்தின் கதி இதற்கு நேர்மாறு. நீலம் அளவுக்கு மீறிப் பதிந்து, வானம் வெற்று வெள்ளையாகிவிடும். 1857-58-இல் சென்னை மாகாணக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், நெகட்டிவ்வின் மேல் கையாலேயே மேகம் வரைந்து சேர்த்தார். மதுரையும் தஞ்சாவூரும் அவர் படங்களில் எவ்வளவு அழகு! ஆனால் அவற்றில் சில மேகங்கள் தூரிகை மேகங்கள். அவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. கறுப்பு-வெள்ளை என்பது நிறத்தை ‘எடுத்துவிடுவது’ அல்ல; எந்த நிறம் எவ்வளவு கறுப்பாக வேண்டும் என்று ஒருவர் தீர்மானிப்பது. அந்தக் காலத்தில் லென்சுக்கு முன் மஞ்சள் அல்லது சிவப்பு ஃபில்டர் மாட்டித் தீர்மானித்தார்கள். இன்று கணினியில் தீர்மானிக்கிறோம். தீர்மானிக்காமல் ஒரு பொத்தானை மட்டும் அழுத்துபவர், அந்த வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடுகிறார்.

மைப்படியும் சித்தன்னவாசலும்

அப்படியானால் எதற்கு எது? நம் தமிழ்நாட்டிலிருந்தே இரண்டு சான்றுகள் காட்டலாம்.

ஒன்று, கல்வெட்டு. கல்வெட்டறிஞர்கள் ஈரத் தாளைக் கல்லின்மேல் ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி எடுப்பதை மைப்படி என்பார்கள். பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை. கல் செந்நிறமா, சாம்பல் நிறமா என்பது அங்கே தேவையில்லை. பள்ளம் எது, மேடு எது என்பதே செய்தி. நிறம் விலகினால்தான் எழுத்து தெரியும்.

மற்றொன்று, புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் தாமரைக்குள ஓவியம். இலையின் பச்சையும் பூவின் சிவப்பும் கண்ணுக்கு எதிரெதிர். ஆனால் கறுப்பு-வெள்ளையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடக்கூடும். மீனும் பறவையும் யானையும் பூப்பறிக்கும் அடியார்களும் இலைக்கூட்டத்தில் கலந்துபோவார்கள். இங்கே நிறமே செய்தி. அதை நீக்கினால் ஓவியத்தையே நீக்கியதாகும்.

ஆகவே அளவுகோல் எளிது. படத்தில் நாம் சொல்ல வந்த செய்தி உருவத்திலும் ஒளி நிழலிலும் இருக்கிறதா, அல்லது நிறத்தில் இருக்கிறதா? முதலாவது என்றால் கறுப்பு-வெள்ளை. இரண்டாவது என்றால் கலர். மனநிலையை இதற்கு அடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் செய்தது என்ன?

மைசூரில் 1923-இல் பிறந்த டி.எஸ். சத்யன் சாதாரண மக்களின் அன்றாட வாழ்வைப் பெரிதும் கறுப்பு-வெள்ளையில் பதிந்தார். முகம், சைகை, ஒரு கணம் இவையே அவருக்குச் செய்தி. அதற்கு நேர் எதிராக ரகுபீர் சிங், இந்தியரின் பார்வையிலிருந்து நிறத்தைப் பிரிக்க முடியாது என்று வாதிட்டு, வாழ்நாள் முழுவதும் கலரிலேயே நின்றார். 1998-இல் வந்த அவரது ‘ரிவர் ஆஃப் கலர்’ என்ற நூல் அந்த வாதத்துக்குச் சான்று. தமிழராகப் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள், காட்டுயிர்ப் படங்களை இரண்டிலும் எடுத்தவர். மூவரும் புகழ் பெற்றவர்களே. எது உயர்ந்தது என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. எதற்காக என்று தெரிந்து செய்தார்கள், அவ்வளவுதான்.

இனி நம்ம ஊர்

இந்த அளவுகோலைத் தங்கவயலுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஷாஃப்ட்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரமும் அதன் சக்கரமும் வானத்தை வெட்டி நிற்கும் உருவங்கள். கறுப்பு-வெள்ளை அவற்றுக்கு மிகப் பொருத்தம். ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியின் கை, அதிலுள்ள தழும்பு, நகம் இவற்றுக்கும் அப்படியே.

ஆனால் சயனைடு மேடு? தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. எல்லா மேடுகளையும் சேர்த்தால் 3 கோடி டன்னுக்கு மேல் தேறும். வெளிறிய மஞ்சளும் சாம்பலும் கலந்த அந்த நிறத்தில்தான் அதன் செய்தி இருக்கிறது. கறுப்பு-வெள்ளையில் அது ஒரு சாதாரண மணல் குன்று, அல்லது பனிமலை! பார்ப்பவர் “ஆஹா” என்பார். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து படிவதும் அதைச் சுவாசிக்கும் மக்களின் கவலையும் அந்த “ஆஹா”வில் மறைந்துவிடும். லைன் வீட்டுக் கதவுக்கு அடித்த நீலச் சாயம், மாரியம்மன் திருவிழாவின் மஞ்சள் சேலை, மாதா கோயில், சங்கக் கொடி இவையெல்லாம் நிறத்தால் பேசுபவை. தங்கமேகூட அப்படித்தான். கறுப்பு-வெள்ளையில் தங்கத்துக்கும் பித்தளைக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘கே.ஜி.எஃப்’ திரைப்படத்தின் இரு பாகங்களும் (2018, 2022) நம் ஊர்ப் பெயரை உலகெங்கும் கொண்டுபோயின. ஆனால் அதில் கண்டது கரியும் புழுதியும் அப்பிய, ஏறக்குறைய கறுப்பே ஆன ஓர் உலகம். அது கதை, கதைக்கு அந்த உரிமை உண்டு. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் இது என்பதையும், பங்களாக்களும் பூந்தோட்டங்களும் இருந்த ஊர் என்பதையும் அந்தப் படத்திலிருந்து யாரும் அறிய முடியாது. நம் பிள்ளைகள் அந்தச் சினிமா நிறத்தைத் தங்கள் படத்திலும் ஏற்றினால், சொந்த ஊரைப் பிறர் கண்ணால் பார்ப்பதாகிவிடும்.

அதேபோல் கலரிலும் பொய் உண்டு. செல்போன் தானாகவே வானத்தை நீலமாக்கி, புல்லைப் பச்சையாக்கி, ஃபிளெக்ஸ் போர்டு போலத் தருகிறது. ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர் புடவையைக் கடை விளக்கில் பார்த்துத் திருப்தியடையாமல் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார். படத்தையும் அப்படி வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஆறு நிறமும் நாவல் மரமும்

சமண நூல்கள் உயிரின் மனநிலைகளை லேசியை என்று ஆறு நிறங்களாகப் பகுத்தன. கருமையில் தொடங்கி வெண்மையில் முடியும் வரிசை அது. அதை விளக்க ஒரு கதை சொல்வார்கள். பசித்த ஆறு பேர் நாவல் மரத்தைக் கண்டார்கள். ஒருவன் மரத்தையே வேரோடு சாய்க்க நினைத்தான். அடுத்தவர்கள் படிப்படியாக அடிமரம், கிளை, கொத்து, பழம் என்று குறைத்துக்கொண்டார்கள். ஆறாமவன் கீழே உதிர்ந்ததை மட்டும் எடுத்தால் போதும் என்றான். அவன் லேசியை வெண்மை.

படமெடுப்பவருக்கும் இது பொருந்தும் என்று கருதுகிறேன். தனக்குத் தேவையான சோகத்துக்காக ஓர் ஊரின் நிறம் முழுவதையும் வெட்டுபவர் முதலாமவரைப் போன்றவர். இருப்பதைக் குலைக்காமல் எடுப்பவர் ஆறாமவர்.

பாதுகாக்க வேண்டியவை

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு ஏதோ ஒன்று இடிகிறது. இடிவதற்குமுன் கலரில் எடுக்காத ஒன்றை இனி யாரும் கலரில் எடுக்க முடியாது. ஆகவே கேமராவைக் கறுப்பு-வெள்ளையில் வைத்து எடுக்காதீர்கள். அப்படிச் சேமித்த ஜேபெக் கோப்பில் நிறம் இருக்காது, மீட்கவும் வழியில்லை. கலரில் எடுத்து, மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, நகலை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். படத்தின் பின்னால் இடம், தேதி எழுதுங்கள். மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

வீட்டு ஆல்பங்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கறுப்பு-வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி உலோகத் துகள். நன்றாகக் கழுவியிருந்தால் நூறாண்டு நிற்கும். பழங்காலத்தில் தங்க உப்புக் கரைசலில் முக்கியெடுத்து அதற்கு மேலும் உறுதியூட்டினார்கள். தங்கம் நகைக்கு மட்டுமல்ல, நிழற்படத்துக்கும் காவலாக இருந்திருக்கிறது! ஆனால் 1980-களின் கலர்ப் படங்களில் இருப்பது சாயம். உங்கள் கல்யாண ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். பச்சையும் நீலமும் வெளிறி எல்லாமே செந்நிறமாகியிருக்கலாம். 1950-களின் தாத்தா படத்தைவிட அந்தக் கல்யாணப் படம்தான் முதலில் அழியும். ஸ்கேன் செய்யும் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.