முன்னால் மிதிப்பவர்

ஆடி மாதத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு சைக்கிள் மிதித்தவர்களுக்கு டூர் டி பிரான்ஸை விளக்கத் தேவையில்லை. சூளகிரி வழியே மேடு, முகத்தில் மேல்காற்று. அந்தக் காற்றைப் பங்குபோட்டுக்கொள்ளும் வித்தைதான் அந்தப் பந்தயம்.

1903-ல் தொடங்கிய போட்டி அது. இன்று 21 கட்டங்கள், மூன்று வாரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல். அணிக்கு எட்டுப் பேர். முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் பனியன் கனவு பெரும்பாலும் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் அவருக்காக மிதிப்பவர்கள். நான் ரசிப்பது இவர்களைத்தான்.

முன் சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின் சக்கரத்துக்கும் நடுவே சில சமயம் ஒரு சாண்கூட இருக்காது. சமதரையில் அப்படி ஒட்டிப் போனால் கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம். முன்னால் இருப்பவர் களைத்ததும் முழங்கையை லேசாக அசைப்பார். ஒதுங்கி, வரிசையின் கடைசிக்கு வழுக்கி வருவார். பள்ளம் வந்தால் முதுகுப் பக்கம் ஒரு விரல் நீளும். தண்ணீர் தீர்ந்தால் ஒருவர் பின்தங்கி, அணியின் காரிலிருந்து பாட்டில்களை வாங்கிப் பனியனுக்குள் திணித்துக்கொண்டு மறுபடி எட்டிப்பிடிப்பார்.

செங்குத்தான மலையில் இந்த உதவி அவ்வளவாகப் பலிக்காது. 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணத்தில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியவர்கள் சொல்வார்கள்: வேகம் குறைந்தால் காற்றும் குறையும், அவரவர் பாரம் அவரவருக்கு.

அடுத்த ஜூலையில் டூர் டி பிரான்ஸை டிவியில் பார்த்தால், ஜெயித்தவர் கை தூக்குவதை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முந்தைய நூறு கிலோமீட்டரில் முன்னால் மிதித்தது யார் என்று கவனியுங்கள்.