ஒலிக்காத ஏற்றம்: நாடுகாண் காதையில் நீரிறைக்கும் பொறிகள்

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், மதுரைக்காஞ்சி, ஏற்றம், நெம்புகோல், எளிய பொறிகள்

பழந்தமிழ் இலக்கியத்தில் அறிவியல் கூறுகளைத் தேடும் கட்டுரைகளில் ஏற்றத்திற்கு நிலையான இடம் உண்டு. அச்சொல் பயின்றுவரும் அடி சுட்டப்படும். அது முதல்வகை நெம்புகோல் என விளக்கப்படும். நெம்புகோல் தத்துவத்தைத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என்று கட்டுரை முடியும். அந்த அடியில் ஏற்றம் என்ன செய்கிறது என்ற வினா மட்டும் எழுவதில்லை. சிலப்பதிகாரத்தைப் பொறுத்தவரை இவ்விடுபடல் சிறிதன்று. அது செய்யுளின் பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது.

நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் புகாரிலிருந்து காவிரியை ஒட்டிச் செல்கின்றனர். அவ்வழியில் இளங்கோவடிகள் ஆம்பி, கிழார், ஏத்தம், பிழா ஆகிய நான்கு நீரிறை கருவிகளை அடுக்குகிறார். ஆனால் அவை அங்கு இயங்குவதாக அவர் கூறவில்லை. வாய்த்தலையில் காவிரிப் புதுநீர் ஓயாது ஒலிக்கும் ஒலியன்றி இக்கருவிகளின் ஒலி அக்கழனிகளில் எழுவதில்லை என்பதே செய்தி. சோழநாட்டின் வளம் பொறிகளின் இன்மையால் சொல்லப்படுகிறது. இவ்வடிகளைப் பொறியறிவின் பெருமைக்குச் சான்றாக்குவோர் எதிர்மறை வினையைப் படிக்காமல் பெயர்ச்சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர்.

எளிய பொறியின் இயல்பை உள்ளவாறு அறிந்தால் இந்த எதிர்மறையின் பொருத்தம் புலப்படும். 20 கிலோ நீரை 4 மீட்டர் உயர்த்த 784 ஜூல் வேலை தேவை. எந்த நெம்புகோலும் இதைக் குறைக்காது. அச்சின் உராய்வு அதைச் சற்றுக் கூட்டவே செய்யும். ஏற்றம் மாற்றுவது விசையின் அளவையும் திசையையும்தான். பின்முனையில் கல் கட்டிய கையேற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். வெறுஞ்சால் 4 கிலோ, நீர் நிறைந்த சால் 24 கிலோ எனக் கொண்டு, சால்முனையில் 14 கிலோவை ஈடுசெய்யுமாறு கல் அமைந்தால், இறைப்பவர் சாலைக் கிணற்றில் இறக்க 10 கிலோ எடைக்குச் சமமான விசையும் மேலேற்ற அதே அளவு விசையும் தந்தால் போதும். மொத்த வேலை மாறவில்லை. அது இரு கூறாகப் பகிரப்பட்டது. அதில் ஒரு கூற்றை உடலின் எடையைக் கொண்டே கீழ்நோக்கி இழுத்து முடித்துவிடலாம். ஆள் ஏறி மிதிக்கும் ஏற்றத்தில் துலாவின் நீண்ட கை பெரும்பாலும் சாலின் பக்கம் இருக்கும். அங்கு எந்திர இலாபம் ஒன்றுக்கும் குறைவு. விசையை இழந்து தூரத்தைப் பெறும் அமைப்பு அது. ‘சிறு விசையால் பெரும் பளு’ என்ற பாடநூல் வாய்பாடு அதற்குப் பொருந்தாது. மிதிப்பவர் துலாவில் மீண்டும் மீண்டும் ஏறும் உழைப்பே நீரின் உயரமாகிறது.

ஆகவே ஏற்றம் ஒலிக்கும் இடத்தில் ஒவ்வொரு சாலுக்கும் ஒரு முறை மனித உடல் உழைக்கிறது. இளங்கோவடிகள் இக்கணக்கைப் போட்டார் எனக் கூறுவது மிகை. எனினும் எந்த ஒலி எதற்கு அடையாளம் என்பதை அவர் அறிந்திருந்தார். இயற்கையைப் பொறிக்கு எதிர்நிறுத்தும் காட்சியாகவும் இதைச் சுருக்கிவிட முடியாது. வாய்த்தலையும் மனிதர் சமைத்த அமைப்பே. ஒருமுறை கட்டியபின் சரிவும் புவியீர்ப்பும் நீரைக் கொண்டுசெல்லும் அமைப்புக்கும், சால்தோறும் உடலைக் கேட்கும் பொறிக்கும் உள்ள வேறுபாடே இங்குக் கேட்கிறது.

இக்கால அருஞ்சொற்பொருள்கள் இந்த நான்கையும் ‘நீர் இறைக்கும் கருவி’ என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுவது மற்றொரு குறை. பழைய உரைமரபு ஆம்பியைப் பன்றிப்பத்தர் என்றும் கிழாரைப் பூட்டைப்பொறி என்றும் பிரித்துரைக்கிறது. பொறியின் வடிவைக் கண்டவர்களின் சொற்கள் அவை. நான்கும் ஒன்றே எனில் புலவர் நான்கு பெயர்களை அடுக்க வேண்டியதில்லை.

மதுரைக்காஞ்சியோடு ஒப்பிடும்போது இக்கருத்து மேலும் கூர்மையடைகிறது. மாங்குடி மருதனார் பாடும் பாண்டியநாட்டில் இதே ஏற்றமும் ஆம்பியும் கிழாரும் இயங்குகின்றன. நிரையாக நின்று நீரிறைக்கும் தொழுவரின் பாட்டு முதலில் ஒலிக்கிறது. அதன்பின் போரடிக்கும் பகடுகளின் மணியோசையும் புள்ளோப்பும் இசையும் வருகின்றன. அங்கு ஏற்றத்தின் ஒலி வளத்தின் ஒலி. நாடுகாண் காதையிலும் உழைப்போரின் பாடல்கள் இல்லாமலில்லை. ஏரொடு நின்றோர் ஏர்மங்கலம் பாடுகின்றனர். களத்தில் முகவைப்பாட்டு எழுகிறது. உழவுக்கும் அறுவடைக்கும் பாட்டு உண்டு. இவற்றுக்கு இடைப்பட்ட நீரிறைப்புக்கு மட்டும் பாட்டு இல்லை.