சபையில் மாப்பிள்ளை வீட்டார் கிடையாது

கிறிஸ்து மணவாளன், திருச்சபை மணவாட்டி. கிறிஸ்தவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் உருவகங்களில் இதைவிட நெருக்கமானது இல்லை. இதைப்போல் தவறாகக் கையாளப்பட்டதும் அதிகம் இல்லை. மனைவி ஏன் அடங்கி நடக்க வேண்டும் என்று கேட்டால் இதைக் காட்டுகிறார்கள். பெண் ஏன் குருவாகக் கூடாது என்று கேட்டாலும் இதையே காட்டுகிறார்கள். தங்கள் கூட்டம் மட்டுமே மணவாட்டி, மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று பிரசங்கிப்பவர்களுக்கும் இதுதான் ஆதாரம். இத்தனை பாரத்தையும் இந்த உருவகம் தாங்குமா? மூன்று கேள்விகளை வைத்து எடைபோடலாம். வேறெதுவும் காட்டாத எதை இது காட்டுகிறது? எதை மறைக்கிறது? யார் கையில் அதிகாரத்தைக் கொடுக்கிறது?

வேர் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலில் பேசிய ஓசியா, கடவுளுக்கும் மக்களுக்கும் இடையிலான உடன்படிக்கையைத் திருமணமாகக் கண்டார். அரசனுக்கும் குடிகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் மீறப்பட்டால் அது குற்றம், அதோடு சரி. திருமணம் மீறப்பட்டாலோ அது கடவுளுக்கே வலிக்கிறது. விடவும் முடியாமல், பொறுக்கவும் முடியாமல் தவிக்கும் கடவுளை இந்த உருவகம்தான் நமக்குக் காட்டியது. இது சிறிய கொடை அல்ல.

அதே கையோடு ஒரு கொடுமையும் வந்தது. எசேக்கியேல் 16ஆம் அதிகாரத்தில் எருசலேம், தொப்புள்கொடி அறுக்காமல், குளிப்பாட்டாமல் வெட்டவெளியில் எறியப்பட்ட பெண் குழந்தை. அவ்வழியே போகிறவர் அவளை வாழவைக்கிறார். பருவம் வந்ததும் மணந்து சித்திரத்தையலாடையும் பொன்னும் பூட்டுகிறார். அவள் வேறு ஆண்களை நாடியதும், அந்த ஆண்களையே கூட்டி, அவர்கள் முன் அவளை நிர்வாணமாக்கி, கல்லெறிக்கும் வாளுக்கும் ஒப்புக்கொடுக்கிறார். அதன்பின் சினம் தணிந்து பழைய உடன்படிக்கையை நினைவுகூர்கிறார். தீர்க்கதரிசிகளின் உருவகங்களில் திருமணமும் வன்முறையும் இப்படிப் பின்னிக் கிடப்பதை அமெரிக்க விவிலிய அறிஞர் ரெனிட்டா வீம்ஸ் 1995இல் வெளிவந்த ‘பேட்டர்ட் லவ்’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தீர்க்கதரிசிகள் முதன்மையாகக் கடிந்துகொண்டது ஆளும் ஆண்களை. அவர்களையே துரோகம் செய்த மனைவி என்று அழைத்து அவர்களுடைய ஆணவத்தை உடைத்தார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆண்களை வெட்கப்படுத்தக் கருவியானது பெண்ணின் உடல். அடித்துவிட்டு அணைக்கும் கணவனுக்கு எசேக்கியேலின் இந்த அதிகாரம் வேதத்திலிருந்தே ஒரு சாக்கைக் கொடுத்துவிடுகிறது. உருவகத்தின் கணக்கில் இந்தப் பற்றை எழுதாமல் விட முடியாது.

புதிய ஏற்பாட்டில் காட்சி மாறுகிறது. உபவாசத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம் இயேசு தம்மை மணவாளனாகக் குறிப்பிடுகிறார். மணவாட்டி யாரென்று அங்கே சொல்லவில்லை. மத்தேயு 25இன் பத்துக் கன்னியர் உவமையில், நாம் வாசிக்கும் பாடத்தில், மணவாட்டியே வரவில்லை. விளக்கோடு காத்திருப்பவர்கள் எதிர்கொண்டழைக்கும் தோழியர். அந்த உவமையை வைத்து ‘மணவாட்டி சபை’ என்று தனியே ஒரு கூட்டத்தைப் பிரித்தெடுக்க இடமே இல்லை. கொரிந்தியருக்கு எழுதும் பவுல், அந்தச் சபையைக் கிறிஸ்து என்னும் ஒரே புருஷனுக்கு நியமித்ததாகச் சொல்கிறார். அங்கே பவுலின் இடம் பெண்ணைக் கொடுப்பவரின் இடம்.

வெளிப்படுத்தின விசேஷத்தில்தான் இந்த உருவகம் முழு வளர்ச்சி அடைகிறது. மணவாட்டியைக் காட்டுகிறேன் என்று யோவானை அழைத்துப்போகும் தூதன் காட்டுவது ஒரு நகரம். பன்னிரண்டு வாசல்கள், அவை அடைக்கப்படுவதே இல்லை. ஜாதிகள் தங்கள் மகிமையை அதற்குள் கொண்டுவருகின்றன. அவள் உடுத்தும் மெல்லிய வஸ்திரம் பரிசுத்தவான்களின் நீதியான செயல்கள். அவள் வாய் திறந்து பேசுகிறாள், தாகமுள்ளவர்கள் அழைக்கப்படுகிறார்கள். அவளுக்கு எதிராக நிறுத்தப்படும் பாபிலோனும் ஒரு பெண்ணே, அவள் எரிக்கப்படுகிறாள் என்பதால் பழைய கொடுமையின் நிழல் இங்கும் விழுகிறது. ஆனாலும் மணவாட்டியின் அழகு எது என்ற கேள்விக்கு, நீதியும் அடைபடாத வாசலும் என்று இந்த நூல் தெளிவாகப் பதில் சொல்கிறது.

சிக்கல் எபேசியர் 5இல் முற்றுகிறது. நம் ஆலயத் திருமணங்கள் பலவற்றில் இதை வாசித்துவிட்டு மணமகளைப் பார்த்துக் கீழ்ப்படிதலைப் பற்றி நீளமாகப் பேசுகிறார்கள். மணமகனிடம் அன்பாயிருக்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நிருபத்தில் அளவு நேர்மாறு. மனைவியருக்கு மூன்று வசனங்கள். கணவர்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உயிரைக் கொடுக்கும் அளவுக்கு அன்புகூரும்படி கணவனுக்குக் கட்டளை. இந்தப் பகுதி முழுவதற்கும் முந்திய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. குடும்பத்தலைவனுக்குச் சட்டமே பெரும் அதிகாரம் கொடுத்திருந்த ரோம உலகில் இது துணிச்சலான பேச்சு.

அப்படியும் ஒரு பிழை தங்கிவிடுகிறது. இந்த ஒப்புமையில் கணவன் கிறிஸ்துவின் இடத்திலும் மனைவி சபையின் இடத்திலும் நிற்கிறார்கள். சபை கறைதிரை நீங்கக் கழுவப்பட வேண்டியது. அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் கணவன் இரட்சகன், மனைவி அழுக்கானவள் என்றாகிவிடும். கழுவப்பட வேண்டிய சபையில் கணவனும் ஒருவன் அல்லவா? அடுத்த அதிகாரம் அடிமைகள் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிவதுபோல் எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. அதை வைத்து அடிமைமுறையை இன்று எந்தச் சபையும் நியாயப்படுத்துவதில்லை. ஒரே பட்டியலில் ஒன்றை அந்தக் காலத்து ஏற்பாடு என்றும் மற்றொன்றை நித்தியச் சட்டம் என்றும் பிரிப்பது நேர்மையான வாசிப்பு ஆகாது.

இதே பிழை கத்தோலிக்கப் போதனையிலும் நடந்தது. பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று 1976ஆம் ஆண்டுத் தேதியிட்டு வத்திக்கான் வெளியிட்ட ‘இன்தெர் இன்சிக்னியோரெஸ்’ அறிக்கைக்கு முதன்மை ஆதாரம் இயேசுவின் நடைமுறையும் திருச்சபை மரபும். அதற்குத் துணையாக, கிறிஸ்து மணமகன் என்பதால் பலிபீடத்தில் அவருடைய இடத்தில் நிற்பவர் ஆணாக இருப்பதே பொருத்தம் என்றும் அது வாதிட்டது. 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் ‘முலியேரிஸ் திஞ்ஞித்தாத்தெம்’ மடலில், திருச்சபையில் ஆண்களும் பெண்களும் எல்லாருமே மணமகளாக அழைக்கப்பட்டவர்கள் என்று எழுதினார். ஆண் மணமகளின் இடத்தில் நிற்க உடல் தடையில்லை என்றால், பெண் மணமகனின் இடத்தில் நிற்க மட்டும் உடல் தடையாவது எப்படி? இந்தத் துணைவாதம் தன் காலிலேயே தடுக்கி விழுகிறது.

உருவகம் நேராக நின்ற இடங்களும் உண்டு. பெர்னார்டு என்ற பிரெஞ்சு மடாதிபதி 1135இல் உன்னதப்பாட்டைப் பற்றிப் பிரசங்கிக்கத் தொடங்கினார். 1153இல் இறக்கும்போது 86 பிரசங்கங்கள் முடிந்து, மூன்றாம் அதிகாரத்தின் வாசலுக்குத்தான் வந்திருந்தார். அவரும் அவருடைய துறவியரும் ஆண்கள். நின்றது மணவாட்டியின் இடத்தில். தமிழில் வேதநாயகம் சாஸ்திரியார் 1800இல் பாடிய பெத்லகேம் குறவஞ்சியும் அப்படியே. சீயோன் மகளான தேவமோகினி பெத்லகேம் நாதர்மேல் காதல் கொள்கிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். குறவஞ்சித் தலைவி ஏங்குவாள், கேட்பாள், பேசுவாள். வாய்மூடி அடங்குவது அவள் இலக்கணம் அல்ல. ஆண் தன்னைத் தலைவியாக்கிப் பாடும் வழக்கம் ஆழ்வார்கள் காலம்தொட்டு நமக்கு உண்டு என்பதால், தமிழ் மனத்துக்கு இது எளிதில் விளங்கும்.

இவ்வளவு ஆபத்து இருந்தால் இதைக் கைவிட்டு, சபை கிறிஸ்துவின் சரீரம் என்ற உருவகத்தோடு நின்றுவிடலாமே என்று கேட்கலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. தலையும் சரீரமும் ஒன்றே. அங்கே சபை தன்னையே கிறிஸ்துவாக எண்ணிக்கொள்ள வழி திறக்கிறது. மணவாட்டி வேறு, மணவாளன் வேறு. அவள் துரோகம் செய்யக்கூடும், மனந்திரும்பக்கூடும். சபை தன் பாவத்தை ஒப்புக்கொள்ள இந்த இடைவெளி தேவை.

ஆகவே என் தீர்ப்பு இது. உருவகத்தை வைத்துக்கொள்ளலாம், மூன்று வரம்புகளோடு. முதலாவது, எசேக்கியேலின் தண்டனைக் காட்சியைத் தாம்பத்தியத்துக்கு முன்மாதிரியாக யாரும் எடுக்கக் கூடாது. இரண்டாவது, இதைக்கொண்டு கணவனுக்கோ குருவுக்கோ தனி அதிகாரம் தேடக் கூடாது. மூன்றாவது, இதை வைத்து ஒரு கூட்டம் மற்றதைத் தள்ளக் கூடாது. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. இந்தத் திருமணத்தில் மணமகன் ஒருவரே, அவர் கிறிஸ்து. ஆயரும் போதகரும் கணவரும் மனைவியும் பெண் வீட்டாராக மட்டுமே நிற்க முடியும். மாப்பிள்ளை வீட்டார் என்று உரிமை கொண்டாடும் எவரும், எந்த அங்கி போட்டிருந்தாலும், தமக்கு இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை எழுந்திருக்கச் சொல்வது சபையின் கடமை.